வடிகட்டி எதையும் சேர்ப்பதில்லை: வீட்டிலேயே செய்யும் வண்ண வடிகட்டிகள்



வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: "கேமராவுக்கு முன்னால சிவப்புக் கண்ணாடித் தாள் வச்சா படம் ஏன் சிவப்பா வருது?" பாதி வகுப்பு உடனே சொல்லும்: "தாள்ல இருக்கிற சிவப்பு படத்துக்கு வந்திடுது டீச்சர்." கேட்பதற்குச் சரி மாதிரிதான் இருக்கும். நடப்பதோ நேர் எதிர். தாள் சிவப்பைக் கொடுப்பதில்லை. வந்த ஒளியில் சிவப்பை மட்டும் போகவிட்டு, மற்றதையெல்லாம் நிறுத்திவிடுகிறது.

இந்த ஒரு கருத்தை மாணவர்கள் கையால் செய்து, கண்ணால் பார்த்து, பிறகு நல்ல தமிழில் காரணத்தோடு எழுத வேண்டும். அதுதான் இந்த வளக்கட்டுரையின் நோக்கம். எஸ்.பி.எம். தேர்வில் இந்தத் தலைப்பே வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விளக்கக் கட்டுரையில் "என்ன செய்ய வேண்டும்" என்பதை வரிசையாக எழுதத் தெரிந்த பலருக்கும் "ஏன் அப்படி ஆகிறது" என்று எழுதும்போது பேனா நின்றுவிடுகிறது. காரணம் தெரிந்த ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் பேனா நிற்காது.

செய்து பார்க்கும் இடமாக ஜார்ஜ் டவுனில் உள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பினாங்கு மாணவர்கள் பலருக்கும் பழகிய சாலை. மற்ற ஊர்க்காரர்கள் உங்கள் ஊர்க் கடைத்தெருவை வைத்துக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

1. சொல்லுக்குள்ளேயே விளக்கம் இருக்கிறது

பேச்சில் எல்லாரும் "ஃபில்டர்" என்கிறோம். தமிழில் வடிகட்டி. மண்வெட்டி, பாக்குவெட்டி, வடிகட்டி: மூன்றிலும் கடைசியில் நிற்கும் 'இ' விகுதி கருவியைக் குறிக்கிறது. மண்ணை வெட்டும் கருவி மண்வெட்டி. வடிகட்டும் கருவி வடிகட்டி.

தேநீர்க் கடையில் பார்த்திருப்பீர்கள். வடிகட்டி தேநீருக்கு நிறமோ மணமோ கொடுப்பதில்லை. தூளை நிறுத்திக்கொண்டு சாற்றைக் கீழே விடுகிறது. வண்ண வடிகட்டியும் இதே வேலையைத்தான் ஒளியில் செய்கிறது. மாணவர்களுக்கு முதலில் இந்த உவமையைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரே ஒரு வேறுபாடு: தேயிலைத் தூள் வடிகட்டியில் தங்கிவிடும், தட்டிக் கொட்டலாம். நிறுத்தப்பட்ட ஒளி தங்குவதில்லை. தாள் அதை உட்கவர்ந்து வெப்பமாக மாற்றிவிடுகிறது. அதைத் திரும்ப எடுக்க முடியாது.

2. ஒளியில் என்ன நடக்கிறது?

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறக்குறைய 400 நானோமீட்டர் முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்டது. நீலம் 450-ஐ ஒட்டியும், பச்சை 550-ஐ ஒட்டியும், சிவப்பு 650-ஐ ஒட்டியும் இருக்கும். வெயில் வெளிச்சத்தில் இவை எல்லாமே கலந்திருப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது.

- சிவப்புத் தாள் நீலத்தையும் பச்சையையும் உட்கவரும், சிவப்பு கடந்துபோகும்.
- மஞ்சள் தாள் நீலத்தை மட்டும் உட்கவரும். சிவப்பும் பச்சையும் கடந்துபோகும். அவை இரண்டும் சேர்ந்து கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும்.
- பச்சைத் தாள் சிவப்பையும் நீலத்தையும் உட்கவரும்.
- நீலத் தாள் சிவப்பையும் பச்சையையும் உட்கவரும். ஆனால் மலிவான நீலத் தாள் கொஞ்சம் சிவப்பைக் கசியவிடும். இதை நான்காம் பகுதியில் சோதிப்போம்.

இன்னொரு செய்தி மாணவர்களுக்கு வியப்பாக இருக்கும். உங்கள் கைப்பேசிக் கேமராவுக்குள் ஏற்கெனவே பல இலட்சம் வண்ண வடிகட்டிகள் இருக்கின்றன. ஒளியை வாங்கும் ஒவ்வொரு புள்ளியின் மேலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு சிறு வடிகட்டி: பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ஆகவே வடிகட்டி என்பது படத்துக்குப் பிறகு போடும் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். வண்ணப்படம் பிறப்பதே வடிகட்டியால்தான்.

3. தேவையான பொருள்களும் செய்முறையும்

பூங்கொத்துக்கும் பரிசுக் கூடைக்கும் சுற்றும் வண்ணக் கண்ணாடித் தாள் (செலஃபேன்) போதும். புத்தகக் கடையிலோ பூக்கடையிலோ கிடைக்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் வாங்கிக்குங்க. இவற்றோடு கெட்டியான கறுப்பு அட்டை, கத்தரிக்கோல், ஒட்டுநாடா. தாள் கசங்காமல் இருக்க வேண்டும். கசங்கிய இடம் ஒளியைச் சிதறடித்துப் படத்தை மங்கலாக்கிவிடும்.

*தனி வடிகட்டி:*

1. கறுப்பு அட்டையில் 6 செ.மீ. சதுரமாக இரண்டு துண்டு வெட்டுங்கள்.
2. இரண்டிலும் நடுவில் கைப்பேசியின் வில்லையைவிடச் சற்றுப் பெரிய துளை போடுங்கள். பல வில்லைகள் உள்ள கைப்பேசியாக இருந்தால் எல்லாவற்றையும் மூடும் அளவுக்குத் துளை வேண்டும். இல்லையென்றால் கைப்பேசி தானாகவே வடிகட்டி இல்லாத வில்லைக்கு மாறிக்கொள்ளும்.
3. கண்ணாடித் தாளை இரண்டு அட்டைக்கும் நடுவில் விறைப்பாக வைத்து ஒட்டுங்கள். விரல் ரேகை படாமல் ஓரத்தைப் பிடியுங்கள்.
4. வில்லையோடு ஒட்டினாற்போல வையுங்கள். இடைவெளி விட்டால் பக்கத்து வெளிச்சம் தாளின் பின்புறம் பட்டு மினுக்கும்.

*பாதி வடிகட்டி:* துளையின் மேல்பாதியில் மட்டும் தாள் வருமாறு ஒட்டுங்கள். வானம் மட்டும் நிறம் மாறும். கட்டடம் அப்படியே இருக்கும். வில்லைக்கு மிக அருகில் இருப்பதால் தாளின் விளிம்பு கோடாகத் தெரியாமல் மெதுவாகக் கரையும்.

*மூவண்ணப் பட்டை:* நீளமான அட்டையில் மூன்று துளைகளை வரிசையாகப் போட்டு, சிவப்பு, பச்சை, நீலத் தாள்களை ஒட்டுங்கள். கைப்பேசியை அசைக்காமல் பட்டையை மட்டும் நகர்த்தி மூன்று படம் எடுக்கலாம். ஏழாம் பகுதிக்கு இது தேவை.

கண்ணாடித் தாள் கிடைக்காத ஊரில், தெளிந்த நெகிழித் தாளின் மேல் நிரந்தர மார்க்கர் பேனாவால் சீராக வண்ணம் பூசியும் செய்யலாம். கோடுகள் தெரியத்தான் செய்யும், ஆனால் கொள்கையை விளக்க அது போதும்.

4. நான்கு சோதனைகள்

*சோதனை 1: மறையும் எழுத்து.* வெள்ளைத் தாளில் சிவப்பு மையால் ஒரு சொல், பச்சை மையால் ஒரு சொல் எழுதுங்கள். சிவப்பு வடிகட்டி வழியாகப் பார்த்தால் சிவப்புச் சொல் மறைந்துவிடும், பச்சைச் சொல் கறுப்பாகத் தெரியும். வெள்ளைத் தாளிலிருந்தும் சிவப்பு மையிலிருந்தும் வருவதில் சிவப்பொளி மட்டுமே வடிகட்டியைக் கடக்கிறது. இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிடுவதால் எழுத்து தெரிவதில்லை. திருத்திக் கொடுத்த கட்டுரைத் தாளை இப்படிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆசிரியர் போட்ட சிவப்பு மை எல்லாம் காணாமல் போகும்போது வகுப்பே சிரிக்கும். பாடமும் மறக்காது.

*சோதனை 2: பழைய சிடி.* வெள்ளை எல்.இ.டி. விளக்கின் ஒளியைச் சிடியின் பளபளப்பான பக்கத்தில் விழவைத்தால் நிறமாலை தெரியும். கண்ணுக்கு முன் வடிகட்டியைப் பிடியுங்கள். எந்தெந்த நிறம் காணாமல் போகிறதோ அதுதான் அந்தத் தாள் உட்கவரும் நிறம். நீலத் தாளைப் பிடித்தும் சிவப்பு மங்கலாகத் தெரிந்தால் தாள் கசிகிறது. இரண்டாக மடித்துப் போடுங்கள்.

*சோதனை 3: இரண்டு தாள், ஓர் இருட்டு.* நீலத் தாளையும் மஞ்சள் தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். மஞ்சள் நிறுத்துவது நீலத்தை. நீலம் விடுவது நீலத்தை மட்டும். இரண்டும் நன்றாக வேலை செய்தால் எதுவும் கடக்காது, இருட்டாகிவிட வேண்டும். கடைத் தாள்களில் முழு இருட்டு வராது. எவ்வளவு இருட்டுகிறதோ அவ்வளவு நல்ல தாள்.

இந்தச் சோதனையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்த சி.வி.இராமனும், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ்.கிருஷ்ணனும் கல்கத்தாவில் 1928-இல் செய்த ஆய்வின் அடிப்படை இதுதான். சூரிய ஒளியை ஒரு நீல ஊதா வடிகட்டி வழியாகத் திரவத்துக்குள் செலுத்தினார்கள். சிதறி வரும் ஒளியைப் பார்க்கும் இடத்தில், முதல் வடிகட்டி விடுவதை எல்லாம் நிறுத்தக்கூடிய இன்னொரு வடிகட்டியை வைத்தார்கள். சிதறிய ஒளியின் நிறம் மாறாதிருந்தால் முழு இருட்டாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மங்கலான ஒளித்தடம் தெரிந்தது. அப்படியானால் திரவத்துக்குள் போன ஒளியின் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வெளியே வந்திருக்கிறது! ஏறக்குறைய 60 திரவங்களில் இதைப் பார்த்தார்கள். 28 பிப்ரவரி 1928-இல் உறுதியான அந்தக் கண்டுபிடிப்பே இராமன் விளைவு. 1930-இல் இராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. எது நிறுத்தப்பட வேண்டும் என்பது துல்லியமாகத் தெரிந்திருந்ததால்தான், நிற்காமல் வந்தது புதுமை என்று அவர்களுக்குப் புரிந்தது.

*சோதனை 4: கண் பாதுகாப்பு.* இதைக் கட்டாயம் செய்து காட்டுங்கள். சிவப்பு, பச்சை, நீலத் தாள்களை அடுக்கினால் ஏறக்குறையக் கறுப்பாகத் தெரியும். இப்போது தொலைக்காட்சி ரிமோட்டின் முனையைக் கைப்பேசியின் முன்கேமராவுக்குக் காட்டி ஒரு பொத்தானை அழுத்துங்கள். பல கைப்பேசிகளில் முனை மின்னுவது திரையில் தெரியும். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். நடுவில் தாள் அடுக்கை வைத்தாலும் மின்னல் தெரிந்துகொண்டே இருக்கும். பொருள் என்ன? கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் தாள் அகச்சிவப்பை நிறுத்தவில்லை. ஆகவே எத்தனை வண்ணத் தாளை அடுக்கினாலும் அதன் வழியே சூரியனைப் பார்க்கக் கூடாது. கிரகணத்தின்போது சொல்லவே வேண்டாம். வெளிச்சம் குறைவாகத் தெரிவதால் கண் கூசாது, மாணவர் தொடர்ந்து பார்ப்பார். விழித்திரை புண்ணாவது வலியில்லாமலே நடந்துவிடும்.

5. கைப்பேசியின் 'உதவியை' நிறுத்துங்கள்

தாள் வைத்தும் படத்தில் நிறம் சரியாக வரவில்லை என்று சில மாணவர்கள் சொல்வார்கள். காரணம் தாளில் இல்லை. கைப்பேசி ஒவ்வொரு படத்திலும் வெள்ளையை வெள்ளையாகக் காட்ட முயல்கிறது. இதற்கு வெள்ளைச் சமநிலை என்று பெயர். மஞ்சள் தாள் வைத்தால், "ஐயோ, படம் மஞ்சளா இருக்கே" என்று அதுவே நீலத்தைக் கூட்டிவிடும். நீங்கள் நிறுத்தியதை அது கணக்குப் போட்டு நிரப்பப் பார்க்கிறது.

கேமராவில் 'புரோ' முறை இருந்தால் அதற்குப் போய், வெள்ளைச் சமநிலையைப் 'பகல் வெளிச்சம்' என்று நிலையாக வையுங்கள். வீட்டில் அப்பாவோ அண்ணனோ வைத்திருக்கும் பெரிய கேமராவிலும் இந்த அமைப்பு உண்டு.

அடுத்தது வெளிச்சம். நிறுத்தப்பட்ட ஒளியை நேரத்தால் ஈடுகட்ட வேண்டும். புகைப்படக்காரர்கள் பயன்படுத்தும் எண் 8 மஞ்சள் கண்ணாடிக்கு 2 மடங்கும், எண் 25 அடர்சிவப்புக்கு 8 மடங்கும் வெளிச்சம் வேண்டும். அதாவது 1/400 வினாடியில் எடுக்க வேண்டிய படத்தைச் சிவப்பு வடிகட்டி போட்டால் 1/50 வினாடியில் எடுக்க வேண்டியிருக்கும். கை ஆடினால் படம் கலங்கும். ஐந்தடி நடைபாதைத் தூணில் கைப்பேசியைச் சாய்த்துப் பிடிங்க.

6. சாலையில் இறங்கும்போது

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பழைய பெயர் பிட் ஸ்திரீட். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் எழுப்பிய பள்ளிவாசலால் இன்றைய பெயர் வந்தது. ஒரே சாலையை ஒட்டிச் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் கருணைத் தாய் கோயில், லெபோ குவீன் பக்கம் கோபுரம் உள்ள ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம், பள்ளிவாசல் எல்லாம் நிற்கின்றன. 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் மலாக்காவோடு சேர்க்கப்பட்ட ஜார்ஜ் டவுனின் நடுப்பகுதி இது. வடிகட்டிச் சோதனைக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம்: வெளிர்நிறச் சுவர், நீல வானம், பச்சைப் புல்வெளி, சிவந்த ஊதுபத்தி, மஞ்சள் செவ்வந்தி எல்லாம் சில நிமிட நடையில் கிடைத்துவிடும்.

கறுப்பு-வெள்ளையில் சிவப்பு. கேமராவைக் கறுப்பு-வெள்ளை முறைக்கு மாற்றிச் சிவப்பு வடிகட்டி போடுங்கள். பள்ளிவாசலின் ஒற்றை மினாராவுக்குப் பின்னால் வானம் நீலமாக இருந்தால் அது கருத்துப்போகும். வெளிர்நிறச் சுவர் எழுந்து நிற்கும். புல்வெளியும் கருமையாகும். ஆனால் பினாங்கு வானம் பல நாள் ஈரப்பதத்தால் வெளுத்தே இருக்கும். வெளுத்த வானத்தில் எல்லா நிறமும் இருப்பதால் சிவப்பு வடிகட்டியால் அதைக் கருக்க முடியாது. மழை விட்டு வானம் கழுவினாற்போல இருக்கும் காலையில் போங்கள்.

பச்சை. அதே காட்சியைப் பச்சை வடிகட்டியில் எடுத்தால் இலைகள் வெளிறும், சிவப்பு ஊதுபத்தி கறுக்கும். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வடிகட்டி தன் நிறத்தை வெளிறச் செய்து எதிர் நிறத்தைக் கருக்கும் என்ற விதி மாணவர்களுக்குத் தானாகவே புலப்படும்.

முகங்கள். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். கறுப்பு-வெள்ளையில் சிவப்பு வடிகட்டி நம் மாநிறத் தோலை உள்ளதைவிட வெளுப்பாகக் காட்டும், உதடும் மறைந்துபோகும். தோலிலிருந்து வரும் ஒளியில் சிவப்பு மிகுதி என்பதே காரணம். பச்சை வடிகட்டியோ உதட்டையும் முகத்தின் கோடுகளையும் நன்றாகக் காட்டும். அழகுச் செயலிகள் முகத்தைக் கேட்காமலே வெளுப்பாக்கும் இந்தக் காலத்தில், ஒரே தோழியின் முகத்தை இரண்டு தாளில் எடுத்துப் பார்ப்பது மாணவிகளுக்கு நல்ல பாடம். எது நிறுத்தப்பட்டது என்று தெரிந்துவிட்டால், 'வெளுப்பு' என்பது முகத்தில் வந்த மாற்றமல்ல, ஒளியில் செய்த கழித்தல் என்று அவர்களே சொல்வார்கள்.

பகலில் இரவு. நீல வடிகட்டி போட்டு, வெளிச்ச அளவை நன்றாகக் குறைத்து, நிழல் விழுந்த சந்தில் வண்ணப்படம் எடுங்கள். நிலவொளி மாதிரி இருக்கும். பழைய திரைப்படங்களில் இரவுக் காட்சிகளைப் பகலிலேயே எடுத்த முறை இது. பிரெஞ்சு மொழியில் இதை 'அமெரிக்க இரவு' என்பார்கள். துருஃபோ 1973-இல் இயக்கிய படத்தின் பெயரே அதுதான். சட்டத்துக்குள் வானம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வானம் தெரிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

போகும்போது முறையாகப் போங்கள். தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் வளாகத்துக்குள் படமெடுக்க வேண்டாம். கோயில்களில் கேட்டுவிட்டு எடுங்கள். திரிஷாக்காரர், பூக்கட்டும் அக்கா, நாசி கண்டாருக்கு வரிசையில் நிற்பவர் யாராக இருந்தாலும் "எடுக்கலாமாங்க?" என்ற ஒரு சொல் போதும்.

7. மூன்று படம், ஒரு தெரு

வடிகட்டி கழிக்கும் கருவி என்றால், கழித்தவற்றை மீண்டும் கூட்டி முழு நிறத்தைப் பெற முடியுமா? முடியும்.

1861-இல் இலண்டனில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் இதைச் செய்து காட்டினார். கட்டம் போட்ட நாடா ஒன்றைத் தாமஸ் சட்டன் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியாகக் கறுப்பு-வெள்ளையில் படமெடுத்தார். அந்த வடிகட்டிகள் கடையில் வாங்கியவை அல்ல. கண்ணாடித் தொட்டிகளில் ஊற்றிய வண்ணக் கரைசல்கள். மூன்று படங்களையும் அதே நிற ஒளியில் ஒரே திரையில் விழவைத்தபோது நாடா வண்ணத்தில் தெரிந்தது. பின்னர் 1909 தொடங்கி இரஷ்யாவில் புரொகூதின்-கோர்ஸ்கி இதே முறையில் நாடு முழுக்கப் படமெடுத்தார். அவருடைய படங்களில் ஆற்று நீரின் ஓரங்களில் வண்ணச் சிதறல் தெரியும். மூன்று படத்துக்கும் இடையில் நீர் நகர்ந்துவிட்டது!

அந்தச் சிதறலைத்தான் நாம் வேண்டுமென்றே செய்யப் போகிறோம்.

1. கைப்பேசியை முக்காலியில் பொருத்துங்கள். சாலையும் பள்ளிவாசலும் சட்டத்துக்குள் இருக்கட்டும்.
2. மூவண்ணப் பட்டையை நகர்த்திச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று படம் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் சில வினாடி விடுங்கள்.
3. கணினியில் மூன்றையும் கறுப்பு-வெள்ளையாக்கி, 'ஜிம்ப்' என்ற இலவச மென்பொருளில் அடுக்குகளாகத் திறந்து, 'கம்போஸ்' கட்டளையால் முறையே சிவப்பு, பச்சை, நீல வழித்தடங்களில் சேருங்கள்.

அசையாத பள்ளிவாசல் ஏறக்குறைய இயல்பான நிறத்தில் வரும். கசியும் தாள் என்பதால் கொஞ்சம் வெளிறியிருக்கும். ஆனால் நடந்துபோனவர்கள், மோட்டார் சைக்கிள்கள், மேகங்கள், கருணைத் தாய் கோயில் பக்கம் எடுத்தால் ஊதுபத்திப் புகை எல்லாம் வண்ண ஆவிகளாக மிதக்கும்.

இங்கேதான் நல்ல கேள்வி வருகிறது. சிவப்புப் படம் எடுத்த நொடியில் மட்டும் கடந்துபோன ஒருவர் என்ன நிறத்தில் தெரிவார்? "சிவப்பு" என்று எல்லாரும் சொல்வார்கள். வெள்ளைச் சட்டை போட்டவர் இருண்ட கடைவாசலுக்கு முன் நடந்திருந்தால் சிவப்பாகத்தான் தெரிவார். ஆனால் கறுப்புச் சட்டைக்காரர் வெள்ளைச் சுவருக்கு முன் நடந்திருந்தால்? அந்த நொடியில் சுவரிலிருந்து வந்த சிவப்பை அவர் மறைத்துவிட்டார். பச்சையும் நீலமும் மட்டும் மிஞ்சுவதால் அந்த இடம் வெளிர்நீலப் பச்சையாகத் தெரியும். மாணவர்களை முதலில் ஊகிக்கச் சொல்லிவிட்டு, பிறகு படத்தைக் காட்டுங்கள்.

8. செயலி வடிகட்டிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

"ஆப்ல ஒரு தட்டுத் தட்டினா வர்றதுக்கு ஏன் டீச்சர் இவ்ளோ கஷ்டம்?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

செயலி, பதிவாகி முடிந்த எண்களை மாற்றுகிறது. கையில் செய்த வடிகட்டி, பதிவாகும் முன்பே ஒளியைத் தேர்ந்தெடுக்கிறது. வானம் ஏற்கெனவே வெளுத்துப் பதிவாகிவிட்டால் செயலியால் அதிலிருந்து மேகத்தின் வடிவத்தை மீட்க முடியாது. இல்லாததை வரைந்து சேர்க்கத்தான் முடியும். அதே நேரம் செயலியில் "வேண்டாம்" என்று திரும்பப் போகலாம். தாள் நிறுத்திய ஒளி திரும்ப வராது. ஆகவே தாளை வைக்கும் முன்பே என்ன வேண்டும், எதை விடலாம் என்று யோசித்தாக வேண்டும். மாணவர்களுக்கு நான் கொடுக்க விரும்புவது அந்த யோசிக்கும் நொடியைத்தான்.

இன்னொன்று. மரபுடைமைச் சாலையின் படத்தைப் போட்டிக்கோ பள்ளி இதழுக்கோ அனுப்பும்போது, "சிவப்பு வடிகட்டியுடன் எடுத்தது" என்று படத்தின் கீழ் எழுதச் சொல்லுங்கள். பார்ப்பவருக்கு அது தெரிய வேண்டும்.

9. விளக்கக் கட்டுரையாக எழுதும்போது

ஒரே செய்தியின் இரண்டு வடிவங்களைப் பாருங்கள்.

*வடிவம் அ:* முதலில் சிவப்புக் கண்ணாடித் தாளை வெட்ட வேண்டும். பிறகு அதை அட்டையில் ஒட்ட வேண்டும். பிறகு கைப்பேசியில் வைக்க வேண்டும். பிறகு படம் எடுத்தால் வானம் கறுப்பாக மிக அழகாக வரும்.

*வடிவம் ஆ:* கறுப்பு-வெள்ளை முறையில் வில்லைக்கு முன் சிவப்புத் தாளைப் பொருத்தினால் நீல வானம் கருமையாகப் பதிவாகும். ஏனெனில், வானத்திலிருந்து வரும் ஒளியில் மிகுந்திருக்கும் நீலத்தைத் தாள் உட்கவர்ந்துவிடுகிறது. வெளிர்நிறச் சுவரோ எல்லா நிறங்களையும் எதிரொளிப்பதால், அதன் சிவப்பொளி தாளைக் கடந்து வில்லையை அடைகிறது. ஆகவே சுவர் பளிச்சென்றும் வானம் இருண்டும் தோன்றுகின்றன. மேகமூட்டமான நாளில் இவ்வேறுபாடு கிடைக்காது.

முதல் வடிவத்தில் நான்கு செயல், காரணம் ஒன்றுகூட இல்லை. இரண்டாவதில் விளைவு, காரணம், ஒப்பீடு, முடிவு, எல்லை என ஐந்தும் இருக்கின்றன. 'ஏனெனில்', 'ஆல்', 'ஆகவே' என்ற மூன்று இணைப்புகளே அவற்றைத் தாங்கி நிற்கின்றன. கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். எந்தச் சூழலில் முறை பலிக்காது என்று சொல்பவருக்குத்தான் பொருள் முழுமையாகப் புரிந்திருக்கும்.

புணர்ச்சிக்கும் இங்கே நல்ல எடுத்துக்காட்டுகள் கிடைக்கின்றன: சிவப்பு + ஒளி = சிவப்பொளி; உள் + கவர்தல் = உட்கவர்தல்; மூன்று + வண்ணம் = மூவண்ணம்; அகம் + சிவப்பு = அகச்சிவப்பு.

10. பயிற்சி வினாக்கள்

1. மஞ்சள் தாளையும் பச்சைத் தாளையும் அடுக்கினால் எந்த நிறம் தெரியும்? ஏன்?
2. சிவப்பு விளக்கு மட்டும் எரியும் அறையில் பச்சை வாழையிலை என்ன நிறமாகத் தெரியும்?
3. "வண்ணத் தாள்களை அடுக்கிக் கிரகணம் பார்க்கலாம்" என்ற நண்பருக்கு மறுமொழியாக 80 சொற்களில் ஒரு பத்தி எழுதுக.
4. செயலி வடிகட்டியையும் கையால் செய்த வடிகட்டியையும் ஒப்பிட்டு 180 சொற்களுக்குக் குறையாமல் ஒரு விளக்கக் கட்டுரை எழுதுக.

*குறிப்பு விடை:* (1) பச்சை. மஞ்சள் நீலத்தை நிறுத்துகிறது. பச்சைத் தாள் சிவப்பையும் நீலத்தையும் நிறுத்துகிறது. இரண்டையும் கடப்பது பச்சை மட்டுமே. (2) ஏறக்குறையக் கறுப்பு. இலை எதிரொளிக்கும் பச்சை அந்த அறையில் இல்லை. இருக்கும் சிவப்பை இலை உட்கவர்ந்துவிடுகிறது. (3) கண் கூசாதது பாதுகாப்பு ஆகாது, அகச்சிவப்பு நிற்பதில்லை, விழித்திரைக்கு வலி தெரியாது ஆகிய மூன்று கருத்துகளும் ரிமோட் சோதனைச் சான்றும் இடம்பெற வேண்டும். (4) எப்போது செயல்படுகிறது, எதை மாற்றுகிறது, திரும்பப் பெற முடியுமா என்ற மூன்று அடிப்படைகளில் ஒப்பிட்டால் பத்திகள் தாமே பிரியும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: இதை இரண்டு பாடவேளைகளில் முடிக்கலாம். முதல் வேளை செய்வதும் சோதிப்பதும், இரண்டாவது எழுதுவது. சாலைக்குப் போவதைத் தமிழ் மொழிக் கழகத்தின் புறப்பாட நடவடிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள். அறிவியல் ஆசிரியரையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. அவருடைய விளக்கமும் உங்கள் மாணவரின் தமிழ்ப் பத்தியும் ஒத்துப்போகிறதா என்று அவரிடமே கேட்டுப் பாருங்க.